அட்டையில் ஐந்து லட்சம், மாத்திரைக்குக் காசில்லை

வாசகர் கேள்வி: ஐயா, நாங்கள் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் (வயது 47) பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். போன ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தவருக்கு ராத்திரியில் நெஞ்சுவலி வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். ஆஞ்சியோ பார்க்க சேலம் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லும் என்றுதான் சேர்த்தார்கள். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் அட்டைக்கு மேல் 62,000 ரூபாய் கேட்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினோம். 20,000 ரூபாய்க்குத்தான் ரசீது தந்தார்கள். இப்போது மாதம் மாத்திரைக்கே 2,300 ரூபாய் ஆகிறது. மூன்று வாரமாக வாங்கவில்லை. அவரும் “நல்லாத்தானே இருக்கேன்” என்கிறார். கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? கல்லூரியில் படிக்கும் என் மகன், காப்பீட்டை 10 லட்சமாக உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். மாமனாரோ, ஜி.எச்.சிலேயே இருந்திருக்கலாம் என்று தினமும் சொல்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில் (அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற மருத்துவர்):

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரிதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரமாக மாத்திரை வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். பணத்தைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் அப்புறம் பேசலாம். முதலில் அவரை அழைத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ இன்றைக்கே கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும், கடைசியாக வாங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன மாத்திரைகளுக்குச் சேர்த்து நீங்களாக இரண்டு மடங்கு கொடுத்துவிட வேண்டாம். எதை எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். இடையில் நெஞ்சில் அழுத்தமோ, வியர்த்துக் கொட்டுவதோ, இடது கையில் வலியோ வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று சொல்கிறேன். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் விரித்து வைக்கும் ஒரு சின்ன உலோக வலை. ரத்தத்துக்கு அது புதுப் பொருள். அதன் மேல் ரத்தம் உறைந்துவிடாமல் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், அதோடு குளோபிடோகிரல் அல்லது டைகாகிரலார் என்ற இன்னொரு மாத்திரையும் தருகிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து வழக்கமாக ஒரு வருடமாவது தருவோம். உங்கள் வீட்டுக்காரருக்கு வைத்தது ஆடியில்தான், இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. நடுவில் நிறுத்தி ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால், வருகிற மாரடைப்பு முதல் தடவை வந்ததைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து. அவர் நன்றாக இருப்பதாகச் சொல்வது பொய் இல்லை. இத்தனை நாள் மாத்திரை தன் வேலையைச் செய்ததால்தான் நன்றாக இருக்கிறார்.

மாதம் 2,300 ரூபாய் நீங்கள் செலவழிக்க வேண்டியதே இல்லை. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின், பிரஷர் மாத்திரை எல்லாமே அரசு மருத்துவமனைகளில் இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று 1994-ல் ஒன்று தொடங்கினார்கள். மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிற அமைப்பு அது. வேறு பல மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் ஊரில் அதே மாதிரி செய்தார்கள். நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் நமக்கு அதன் அருமை தெரிவதில்லை. உங்களுக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் டைகாகிரலார் இருந்தால் செலவு கூடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்குப் பதில் குளோபிடோகிரல் தரலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு மாற்றித் தர முடியும், சிலருக்கு முடியாது. அந்த முடிவை மருந்துக் கடையில் எடுக்கக் கூடாது. மாற்ற முடியாது என்றால் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலோ அதே மருந்து குறைந்த விலைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தத் திட்டத்தைத் தொடங்கியது நம் பக்கத்து மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில். பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதனை செய்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் சொன்னால் போதும்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது என் மனசு கொஞ்சம் கனத்துவிடும். பணியில் சேர்ந்த புதிதில் உங்கள் பக்கத்தில்தான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். அப்போதெல்லாம் பிரஷர் மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும்தான் எண்ணிக் கொடுப்போம். மலைக் கிராமத்தில் இருந்து ஒரு பெரியவர் வருவார். ரோடு கிடையாது, விடியற்காலையில் நடந்து இறங்கி, மாத்திரை வாங்கிக்கொண்டு, வெயில் தாழ ஏறிப் போவார். ஏழு மாத்திரைக்கு ஒரு நாள் கூலி போய்விடும். சில வாரம் வந்தார், அப்புறம் காணவில்லை. நானும் வேலை மும்முரத்தில் தேடவில்லை. கேழ்வரகு அறுவடை சமயத்தில் அவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, வாய் கோணியிருந்தது. அவர் மகள் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஒரு மாசத்துக்குச் சேர்த்துக் குடுத்திருந்தா அப்பா சாப்பிட்டிருப்பாரே, சார்?” என்னிடம் பதில் இல்லை. எத்தனை நாளுக்கு மாத்திரை தருவது என்பது அலுவலகத்தில் யாரோ எடுக்கிற சின்ன முடிவு. அதில் ஒரு மனிதனின் கை கால் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்கள் மகனுக்கு நான் சொல்லப்போகும் பதிலும் அந்தப் பெரியவரிடம் கற்றதுதான்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம்.

காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, அட்டையில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு உங்களிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. அது கட்டணமில்லாச் சிகிச்சை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகுப்புத் தொகை உண்டு. ஸ்டென்ட், மருந்து, பரிசோதனை, படுக்கை எல்லாம் அதற்குள் அடக்கம். நீங்களாகக் கேட்டுத் தனி அறை எடுத்திருந்தாலோ, திட்டத்தில் இல்லாத வேறு சிகிச்சை செய்திருந்தாலோ அந்தச் செலவு வேறு. “நல்ல ஸ்டென்ட் வேண்டுமானால் மேலே கட்டணும்” என்று உங்களிடம் சொல்லியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம், ஏனென்றால் நிறையப் பேரிடம் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசின் உச்சவரம்பு உண்டு. 2017 பிப்ரவரியில் முதன்முதலாக நிர்ணயித்தபோது மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய். அதற்குப் பிறகு அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள். அதோடு, ஸ்டென்ட்டின் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), விலை எல்லாவற்றையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்றும் அந்த ஆணை சொல்கிறது. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள், அந்த வரி இருக்கிறதா என்று.

முதல் வேலையாக மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி, முழு மருத்துவப் பதிவேட்டின் நகலையும் விவரமான பில்லையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தர வேண்டும் என்பது 2002-ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. வாயால் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். எழுத்தில் கேட்டு, கடிதம் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள்.

ரசீது இல்லாத 42,000 ரூபாய்க்குச் சான்று இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். எந்தத் தேதியில் நகையை அடகு வைத்தீர்கள்? அந்தச் சீட்டு இருக்கிறது. போனில் பணம் அனுப்பியிருந்தால் வங்கிக் கணக்கில் அதன் பதிவு இருக்கும். யார் யார் கூட இருந்தார்கள், எந்தக் கவுண்டரில் கட்டினீர்கள், எல்லாவற்றையும் நினைவு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு திட்டத்தின் இலவச எண் 1800 425 3993-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து மனுவைத் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்ட அளவில் இந்தத் திட்டத்தைக் கண்காணிக்கும் குழுவுக்குத் தலைவர் ஆட்சியர்தான். மருத்துவமனை இருக்கும் மாவட்டத்தின் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தனியார் மருத்துவமனைகளின் பதிவு அவர் கையில் இருக்கிறது.

அங்கெல்லாம் நகரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மருத்துவமனைச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் கட்டினாலும் காப்பீடு கட்டினாலும் அது பணம் கொடுத்துப் பெற்ற சேவைதான். 2019-ல் வந்த புதுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அது மட்டும் முக்கியம். முழுப் பணமும் வந்துவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ரசீது உள்ள தொகை பெரும்பாலும் சீக்கிரம் வரும், மற்றதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் புகார் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த வாரம் அதே கவுண்டரில் இன்னொரு பெண் தன் தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு நிற்பாள்.

இனி உங்கள் மகனுக்கு. தம்பி, உன் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் உன் அப்பாவின் கணக்கையே எடுத்துப் பார். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று இது தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018-ல் பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தோடு (ஆயுஷ்மான் பாரத்) இணைந்த பிறகு வருடத்துக்கு 5 லட்சம். அப்பாவுக்கு ஒரு ஸ்டென்ட் வைத்த தொகுப்புத் தொகை இந்த 5 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. அட்டையில் இன்னும் நிறையப் பணம் பாக்கி இருக்கும்போதே உங்கள் வீட்டு நகை அடகுக்குப் போயிருக்கிறது. அட்டையில் 10 லட்சம் இருந்திருந்தாலும் அதே 62,000 ரூபாய் போயிருக்கும், அதே மாத்திரைச் செலவும் வந்திருக்கும். பணம் போனது உச்சவரம்பு குறைவாக இருந்ததால் இல்லை. கவுண்டரில் கேட்டதைக் கண்காணிக்க ஆள் இல்லாததால் ஒரு பங்கு போனது. வீட்டுக்கு வந்த பிறகு மாதாமாதம் வருகிற செலவை அட்டை பார்ப்பதில்லை என்பதால் ஒரு பங்கு போகிறது. அப்பா இத்தனை மாதம் வேலைக்குப் போகாத கூலியை யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

நம் நாட்டில் மக்கள் மருத்துவத்துக்குத் தங்கள் கையில் இருந்து போடும் பணம் மொத்தச் செலவில் 2013-14ல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021-22ல் 39.4 சதவீதம் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் வீட்டில் இருந்துதான் போகிறது. அதில் பெரும்பங்கு மருந்துக்கும் வெளிநோயாளிச் செலவுக்கும். வார்டில் படுத்தால்தான் அட்டைக்கு வேலை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025-ஐக் கெடுவாக வைத்தது. 2021-22ல் அது 1.84 சதவீதம். எனவே அரசாங்கத்திடம் நீ கேட்க வேண்டியது அட்டையில் பெரிய எண் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாதத்து மாத்திரை ஒரு நாளும் தீராமல் இருக்க வேண்டும், தாலுகா மருத்துவமனையில் சிறப்பு மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடக்கக் கூடாது, காப்பீட்டில் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவரை யாராவது கூப்பிட்டு “பணம் வாங்கினார்களா?” என்று கேட்க வேண்டும். இவற்றைக் கேள்.

ஒரு விஷயத்தில் உன் பக்கம் நிற்கிறேன். தொகையை விட, யாருக்கெல்லாம் அட்டை என்பதை விரிக்க வேண்டும். அட்டை வாங்க, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் மாதம் 10,000. ஒழுங்காக வேலை கிடைக்கிற ஒரு மேஸ்திரி அதைத் தாண்டிவிடுவார். நாளைக்கு நீ ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தால், சம்பளம் வரம்புக்குள் இருக்கும்வரை ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. அந்த வரம்பை 2017-ல் 21,000 ஆக வைத்தார்கள். அதைத் தாண்டினால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இப்படி நடுவில் நிற்பவர்கள் மக்கள்தொகையில் முப்பது சதவீதம் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-ல் ஒரு அறிக்கையே வெளியிட்டது.

சகோதரி, உங்கள் மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி உங்களைத் தினமும் குத்த வேண்டாம் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள். அந்த ராத்திரியில் பயந்துபோய் எடுத்த முடிவு அது. உயிரைக் காப்பாற்றத்தான் ஓடினீர்கள். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். காப்பீட்டு அட்டை தனியாருக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அரசு மருத்துவமனையிலும் அது செல்லும். அங்கே பயன்படுத்தினால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேர்கிறது, கருவி வாங்கவும் வசதி செய்யவும் உதவுகிறது. சேலம் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தது உங்களைத் தட்டிக்கழிக்க அல்ல. முதல் ஊசியை நேரத்தோடு போட்டுவிட்டு, அடுத்த கட்டத்துக்கு ஆஞ்சியோ வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவதுதான் சரியான முறை. இனி யாருக்கு நெஞ்சுவலி வந்தாலும், தூரத்து ஊருக்குக் கார் பிடிப்பதற்கு முன்னால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் சேர்த்த முதல் வேளை மருந்தை அங்கேயே வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டு 108-ல் அனுப்புவார்கள்.

வீட்டுக்காரர் திரும்பவும் பெங்களூர் போவார் என்று நினைக்கிறேன். மருத்துவர் சம்மதித்த பிறகு போகட்டும், முதலில் சாந்து சட்டி தூக்குகிற வேலை வேண்டாம். அதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில், உங்கள் குடும்பம் பிரதமர் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இருந்தால்தான் வெளிமாநிலத்தில் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையிலும் அட்டை செல்லும். பெங்களூர் போகும்போது இரண்டு மாத மாத்திரை கையில் இருக்கட்டும், சீட்டின் படம் அவர் போனில் இருக்கட்டும். பீடி பிடிப்பவர் என்றால் அதை இன்றோடு நிறுத்தியாக வேண்டும், அதில் பேரம் இல்லை.

அடுத்த கிராம சபைக்கு நீங்களும் மகனும் போங்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. உங்கள் சுகாதார நிலையத்தில் எந்தெந்த மாத்திரை எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்று கேட்டு, அதைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். ஆட்சியருக்குக் கொடுக்கும் மனுவை மகனே எழுதட்டும். தமிழில் ஒரே பக்கம் போதும். சேர்த்த தேதி, பணம் கட்டிய தேதிகள், தொகைகள், டிஸ்சார்ஜ் ஆன தேதி, அட்டை எண். மூன்று நகல் எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். ஆனால் மனு திங்கட்கிழமைக்கு. மாத்திரை இன்றைக்கு.